வலது ஓரத்து அக்கா

அந்த அக்காவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே குரலைக் கேட்டுவிட்டேன். எட்டாம் வகுப்பில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. ஆடுவதற்கு ஆள் போதவில்லை என்று பி.டி. டீச்சர் என் கையில் ஒரு ஹாக்கி ஸ்டிக்கைக் கொடுத்து மைதானத்துக்குள் தள்ளிவிட்டார். உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் பாதர்கள் நடத்திய பள்ளிக்கூடம் அது. செம்மண் தரை. மழைக்கு மண் கரைந்து சரளைக்கல் துருத்திக்கொண்டிருக்கும். பந்து எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. அது எப்படியோ என் ஸ்டிக்கில் வந்து மாட்டிக்கொண்டது. குனிந்த தலை நிமிராமல் தள்ளிக்கொண்டு ஓடினேன். வலது பக்கக் கோட்டருகிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

“இங்கன! இங்கன போடு! ஏ புள்ள, இங்கன!”

நான் போடவில்லை. நாலு எட்டு வைப்பதற்குள் யாரோ பந்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். இடைவேளையில் ஒல்லியாக, நெட்டையாக ஒரு பெண் என்னை நோக்கி வந்தார். ரெட்டைச் சடையை மடித்துக் கட்டியிருந்தார். என்னைவிட இரண்டு வகுப்பு மேலே.

“நான் கேட்டது காதுல விழுகலையா?”

“விழுந்துச்சுக்கா.”

“பெறகென்ன, குடுக்க வேண்டியதுதான?”

அதில் கோபம் இல்லை. திட்டுவார் என்று பயந்து நின்ற எனக்கு அதுதான் ஆச்சரியமாக இருந்தது. ஒருத்தி கேட்கிறாள், இன்னொருத்தி காதில் விழுகிறது, அப்படியும் கொடுக்காமல் இருப்பது எப்படி என்று அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. அடுத்த பாதியில் கொடுத்தேன். வாங்கிய வேகத்தில் கோல் போட்டார். திரும்பி வரும்போது என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “இப்படித்தான். கேட்ட ஒடனே” என்றார்.

வலது ஓரத்தில் ஆடுகிறவளுக்கு என்று ஒரு வேலை உண்டு. கோட்டை ஒட்டிப் பந்தைக் கடைசி வரைக்கும் கொண்டுபோக வேண்டும். அங்கிருந்து நடுவில் நிற்பவளுக்குத் தள்ளிக் கொடுக்க வேண்டும். கோல் போடுவது நடுவில் நிற்பவள் பாடு. அக்கா இந்த வேலையில் முதல் பாதியை மட்டும் ஒழுங்காகச் செய்வார். கோல் கம்பத்துக்குப் பக்கவாட்டில், இனிமேல் அடிக்க இடமே இல்லை என்று தோன்றுகிற மூலைக்குப் போய்விடுவார். பந்து நடுவுக்குத்தான் வரும் என்று எதிரணிக் கோல்கீப்பர் ஓர் அடி நகர்வாள். அக்காவுக்கு அந்த ஓர் அடி போதும். அவள் காலுக்கும் கம்பத்துக்கும் நடுவே பந்து நுழைந்து பின்னாலிருக்கும் பலகையில் டக்கென்று மோதும். நடுவில் ஸ்டிக்கை நீட்டிக்கொண்டு நின்ற நான், அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு நிமிர்ந்துகொள்வேன். அத்தனை வருஷம் ஆடியதில் நான் அதிகமாகச் செய்த காரியம் அதுதான்.

கேட்பது மைதானத்தோடு நிற்கவில்லை. திராட்சைத் தோட்டத்து வழியாக நாங்கள் நடந்து வருவோம். மற்றவர்கள் பந்தலைப் பார்த்து எச்சில் விழுங்கிக்கொண்டு போவோம். துணிந்தவள் யாராவது ஒரு கொத்தைப் பறித்துத் தாவணிக்குள் ஒளித்துக்கொள்வாள். அக்கா நேராக மோட்டார் ரூமுக்குப் போய்த் தோட்டக்காரரிடம், “அண்ணே, பதினோரு பேரு இருக்கோம். ஆளுக்கு ஒரு கொத்துத் தர்றீகளா?” என்று கேட்பார். மனுஷன் திகைத்துப் போய்க் கத்தரிக்கோலை எடுப்பார். பறித்துத் தின்றபோது கிடைத்த கெட்ட பெயரில் பாதிகூடக் கேட்டுத் தின்றபோது கிடைக்கவில்லை.

பூட்ஸ் வந்த கதை இன்றைக்கும் எங்கள் செட்டில் பிரபலம். மாவட்டப் போட்டிக்கு எல்லாரும் வெறுங்காலோடு போவதாக இருந்தோம். அக்கா என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு கம்பம் டவுனுக்குப் பஸ் ஏறினார். ஏலக்காய் வியாபாரி ஒருவருடைய கடை. உள்ளே பத்துப் பெண்கள் உட்கார்ந்து காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வியாபாரி போனில் பேசி முடிக்கிற வரைக்கும் அக்கா அவருக்கு நேர் எதிரே நின்றார். நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

“அய்யா, எங்களுக்குப் பதினோரு சோடி பூட்ஸ் வேணும்.”

“யாரு பாப்பா நீ? யாரு அனுப்புனாக?”

“யாரும் அனுப்பல. நான் ரைட் விங்கு.”

“அப்படின்னா?”

“ஓரத்துல ஓடுறது. வெறுங்கால்ல ஓடுனா சரளை குத்துதுய்யா. வேகம் வரமாட்டேங்குது.”

அவர் எங்கள் இருவருடைய கால்களையும் எட்டிப் பார்த்தார். நான் கால் விரல்களை மடக்கிக்கொண்டேன்.

“வாங்கிக் குடுத்தா செயிச்சிருவீகளா?”

“அது தெரியாது. ஆனா நான் கோல் போட்டுருவேன்.”

அவர் சிரித்த சிரிப்பில் காய் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் பூட்ஸ் வந்துவிட்டது. எங்களுக்கெல்லாம் தலைகால் புரியவில்லை. அக்கா ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கச் சொன்னார். மறுநாளே மறுபடியும் கம்பத்துக்குப் பஸ் ஏறினார். “அய்யா, ரெண்டு சோடி சின்னதா இருக்கு. மாத்திக் குடுங்க.” மாற்றியும் கொடுத்தார்.

அக்கா வீட்டில் யாருக்கும் இந்தக் குணம் கிடையாது. அம்மா காலையில் ஜீப் ஏறிக் கம்பமெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கத்து ஏலத் தோட்ட வேலைக்குப் போவார். மலையாளம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் போனால் சோறு போட்டுவிட்டு, “மதியா மோளே?” என்று, போதுமா என்பதை மலையாளத்தில் கேட்டுச் சிரிப்பார். மகளைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் தலையில் அடித்துக்கொள்வார்.

“மலையில கங்காணிகிட்ட ஒரு வாய் தண்ணி கேக்க நான் நாலு தடவ யோசிப்பேன். இவ ஊரையே எழுதிக் குடுன்னு கேப்பா. மானம் போகுது தாயி.”

அப்பா திராட்சைப் பந்தலில் கொடி கழித்துக் கவாத்து வெட்டுகிறவர். நாள் முழுக்க அண்ணாந்து பார்த்தே வேலை செய்வதால் கழுத்து எப்போதும் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும். பேசவே மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில்கூடப் பாட்டுக்கு வாயை மட்டும் அசைப்பார். ஒரு தடவை என்னிடம் அவராகவே சொன்னார்.

“எனக்கு வாயி கெடையாது தாயி. எனக்குஞ் சேத்து அது பேசுது. பேசட்டும்.”

இதுவரை சொன்னதை வைத்து அக்காவை எல்லாருக்கும் பிடித்திருக்கும் என்று நினைக்கலாம். அப்படி இல்லை. ஒரு போட்டிக்காகத் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் தங்கியிருந்தோம். காலையில் ஆளுக்கு ஓர் அவித்த முட்டை. எங்கள் அணியில் மாற்றுக் கோல்கீப்பராக ஒரு சின்னப் பெண் இருந்தாள். வாய் திறக்க மாட்டாள். அக்கா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“ஏ புள்ள, நீ இன்னைக்கு எறங்கப் போறதில்லைல்ல? அந்த முட்டையக் குடேன். ஓடணும்.”

அவள் உடனே எடுத்துக் கொடுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டுக் கழுவப் போனபோது, குழாயடியில் அவள் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்தேன். வீட்டில் முட்டை கிடைக்காத பெண். எப்போது விடியும் என்று அதற்காகவே காத்திருந்தாளாம். அக்காவிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“வேணும்னா மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன பறிச்சா தின்னேன்?”

மறுநாள் தன் முட்டையைக் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் தட்டில் வைத்தார். வைத்த கையோடு எதிரே உட்கார்ந்திருந்தவளிடம், “நீ மஞ்சக்கரு திங்க மாட்டியே, எனக்குத் தர்றியா?” என்று கேட்டார்.

அக்காவுக்கு ஒன்று தெரியாது. சந்தோஷமாகக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல நாக்கு எழாமல் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கேட்டார், கிடைத்தது, அவ்வளவுதான். நான் இரண்டாவது வகை.

பள்ளிக்கூடம் முடிந்து இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் சேர்ந்து, ஒரே அணியில் ஆடினோம். நான் சேர்ந்த வருஷம் சென்னையில் ஒரு போட்டி. வாழ்க்கையில் முதல் தடவையாக டர்ஃப் என்கிற செயற்கைப் புல் தரை. தண்ணீர் தெளித்துப் பச்சையாக மினுங்கியது. பந்து தெறிக்கவே இல்லை. எங்கே தட்டுகிறோமோ அங்கே போனது. சரளைக்கல்லில் பழகிய எங்களுக்கு அது சொர்க்கமாக இருந்தது. வடக்கே ஒரு அரசுத் துறையின் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்க இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ஆட ஒரே ஒரு ஆள் வேண்டும், எடுத்தால் வேலை நிச்சயம் என்று கல்லூரிப் பி.டி. டீச்சர் காதோடு காதாகச் சொன்னார். எங்கள் அணியில் அந்த இடத்துக்குப் பொருத்தமாக இருந்தது நானும் அக்காவும்தான்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. முடிய ஐந்து நிமிஷம் இருக்கும். அன்றைக்கு என் ஸ்டிக் சொன்ன பேச்சைக் கேட்டது. இரண்டு பேரைத் தாண்டி உள்ளே போய், கோல்கீப்பரையும் தாண்டிப் பந்தைத் தள்ளினேன். கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது பின்னால் ஓடி வந்த ஒருத்தி காலால் தடுத்துவிட்டாள். நடுவர் விசில் ஊதி ஸ்ட்ரோக் கொடுத்தார். கோலுக்கு நேரே பந்தை வைத்து, கோல்கீப்பர் மட்டும் எதிரே நிற்க, ஒரே ஒரு அடி. எங்கள் அணியில் ஸ்ட்ரோக் எவள் வாங்கித் தருகிறாளோ அவளே அடிப்பது வழக்கம். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டேன்.  அடித்துவிடுவேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அப்படியொரு தெளிவு எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பிறகும் வரவில்லை.

வலது ஓரத்திலிருந்து அக்கா ஓடி வந்தார்.

“எனக்குக் குடு.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் கையை நீட்டினார்.

“குடு புள்ள. நான் அடிக்கிறேன்.”

கொடுத்துவிட்டேன்.

அவர் கோல் போட்டார். ஜெயித்தோம். ஆள் எடுக்க வந்தவர்கள் சாயங்காலம் அவர் பெயரைத்தான் எழுதிக்கொண்டு போனார்கள். அந்த ஒரு அடிக்காகத்தான் எடுத்தார்களா என்றால், இல்லையென்றே நினைக்கிறேன். அதற்கு முந்தைய ஆட்டங்களிலும் அவர்தான் கோல் போட்டிருந்தார். நான் அடித்திருந்தாலும் அவரையே எடுத்திருக்கலாம். ஆனால் இந்த ‘கலாம்’ இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு நான் பல வருஷம் புழுங்கினேன். அவர் பறித்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். அவர் கேட்டார், நானே என் கையால் கொடுத்தேன். யாரைத் திட்டுவது?

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆனது. பண்ணைப்புரத்தில் என் வீட்டுக்காரரோடு சேர்ந்து நாற்றுப் பண்ணை போட்டேன். தக்காளி, மிளகாய், முட்டைக்கோஸ் எல்லாம் தட்டுத் தட்டாக வளர்த்துக் கொடுப்போம். ஸ்டிக்கைப் பரணில் போட்டதோடு சரி.

அக்கா பஞ்சாப் பக்கம் ஓர் ஊரில் பல வருஷம் ஆடினார். பல பேருக்குப் பனியில் விரல் விறைத்துவிடுமாம், அவர் மட்டும் முழு ஆட்டமும் கத்திக்கொண்டே ஓடுவாராம். அவர் கற்றுக்கொண்ட முதல் இந்திச் சொல் ‘இதர்’. நம்ம ‘இங்கன’தான். ஆனால் கோல் நெருங்கிவிட்டால் இந்தி மறந்துவிடும். “இங்கன! இங்கன!” என்றுதான் வாயில் வரும். அந்த ஊர்ப் பெண்கள் கொஞ்ச நாளில் அதைப் பழகிக்கொண்டார்கள். புதிதாக வந்த ஒருத்தி அதுதான் அவர் பெயர் என்று நினைத்து, ‘இங்கன தீதி’, அதாவது இங்கன அக்கா, என்று கூப்பிட ஆரம்பிக்க, கடைசியில் ஊரே அப்படிக் கூப்பிட்டது. போட்டிக்குப் போட்டி அவர்தான் அதிக கோல். இங்கே மாவட்டச் செய்திப் பக்கத்தில் எப்போதாவது படம் வரும். அவருடைய அப்பா அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். யாரிடமும் காட்டமாட்டார். பைக்குள் அது வியர்வையில் ஊறிக் கிழிகிற வரைக்கும் இருக்கும்.

மாதத்துக்கு ஒரு தடவையாவது அக்கா எனக்குப் போன் செய்வார். நான் எடுப்பேன். பேசுவேன். மனசுக்குள் அந்தப் புழுக்கம் ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கும்.

இந்திய அணிக்கான முகாமுக்கு ஒரு தடவை அவரைக் கூப்பிட்டார்கள். ஊரே எதிர்பார்த்தது. கடைசிப் பட்டியலில் பெயர் இல்லை. வேறு யாராக இருந்தாலும் அழுதுகொண்டே பெட்டி கட்டியிருப்பார்கள். அக்கா நேராகப் பயிற்சியாளர் அறைக்குப் போய், “என்னை ஏன் எடுக்கல?” என்று கேட்டிருக்கிறார். அவர் கோபப்படவில்லையாம். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டுப் பதில் சொன்னாராம். அன்றைக்குச் சாயங்காலம் அக்கா போனில் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“உன்கிட்டப் போன பந்து திரும்பி வர்றதே இல்லம்மான்னு சொல்றாக புள்ள. கோல் போஸ்ட்டுக்குள்ள போனா எப்படித் திரும்பி வரும்?”

நானும் சிரித்தேன். பிறகு அவர் பேசவில்லை. கட் ஆகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஆகவில்லை. மூச்சுச் சத்தம் கேட்டது.

முப்பத்திரண்டு வயதில் முழங்கால் போனது. யாரும் இடிக்கவில்லை. தனியாகத் திரும்பியபோது உள்ளே ஏதோ அறுந்த சத்தம் தனக்கே கேட்டது என்றார். இரண்டு ஆபரேஷன். அதன் பிறகு அவரை ஆபீஸில் ஒரு மேசையில் உட்கார வைத்தார்கள். மரியாதையாகத்தான் வைத்துக்கொண்டார்கள். “அங்கன நான் யாருகிட்டயும் எதையும் கேக்க வேண்டியதில்ல. ஃபைலு எல்லாம் மேசைக்கே வந்துருது” என்றார் ஒரு நாள். அதைவிடச் சோகமான வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் நீண்ட லீவில் வந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அப்பா மட்டும் இருந்தார். ஒரு மத்தியானம் அக்கா என் பண்ணைக்கு வந்தார். பச்சை வலைக்குக் கீழே, நாற்றுத் தட்டுகளுக்கு நடுவே, வலது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடந்தார். எதையும் பிடுங்கிவிடுவோமோ என்று பயந்தவர்போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். என்ன தோன்றியதோ, இத்தனை வருஷம் கேட்காததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

“அக்கா, அன்னைக்குச் சென்னையில அந்த ஸ்ட்ரோக்க ஏன் எங்கிட்டக் கேட்டீக?”

அவருக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. அதுவே எனக்கு ஆச்சரியம்.

“அடிக்கணும்னு இருந்துச்சு. கேட்டேன்.”

“அது என்னோடதுக்கா.”

“ஒன்னோடதுதான். அதான் ஒங்கிட்டக் கேட்டேன். நீ மாட்டேன்னு சொல்லியிருந்தா திரும்பி என் எடத்துக்குப் போயிருப்பேன். சத்தியமா.”

“எனக்கு மாட்டேன்னு சொல்ல வராதுக்கா.”

“வராதுன்னா?”

“வராதுன்னா வராது. யாரு என்ன கேட்டாலும் வராது. அன்னைக்கும் வரல. எனக்கு அடிக்கணும்னு அவ்வளவு இருந்துச்சு.”

அவர் அங்கேயே நின்றுவிட்டார். நான் ஏதோ வேற்றுப் பாஷையில் பேசியதுபோல என் முகத்தையே பார்த்தார். அவர் கண்ணுக்குள் ஒவ்வொன்றாக ஓடுவதை நான் பார்த்தேன். யார் யாரிடம் என்னென்ன கேட்டோம் என்று எண்ணிப் பார்க்கிறவர்போல இருந்தார். தவிட்டு மூட்டை ஒன்று கிடந்தது. அதில் மெதுவாக உட்கார்ந்தார்.  நான் சொன்னது தப்போ என்று தவித்துப் போனேன்.

கடைசியில், “ஒரு டீ கெடைக்குமா?” என்றார். கேட்ட உடனே அவசரமாக, “ஒனக்கு இஷ்டம்னா போடு. இல்லன்னா வேண்டாம்” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். டீயைக் குடித்துவிட்டுப் போனார். என் புழுக்கம் அன்றைக்கே தீர்ந்தது என்று சொன்னால் அது கதை. ஆனால் அதன் பிறகு அவர் போன் வந்தால் ஓடிப்போய் எடுக்க ஆரம்பித்தேன்.

போன வருஷம் அவருடைய அப்பா படுத்துவிட்டார். வயிற்றில் கட்டி. எத்தனை மாதமாக வலித்ததோ தெரியாது, யாரிடமும் சொல்லவில்லை. தோட்டத்தில் ஏணியிலிருந்து இறங்க முடியாமல் உட்கார்ந்துவிட்டபோதுதான் தெரிந்தது. தேனியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அக்கா ரயிலேறி வந்து சேர இரண்டு நாள் ஆனது. அதுவரை நான்தான் கூட இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். வார்டு வாசலில் அக்காவும் நானும் நின்றுகொண்டிருந்தோம். ஸ்கேன் படத்தோடு ஒரு டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு. முகக்கவசத்துக்கு மேல் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன.

“கட்டி ஈரல் வரைக்கும் பரவிருச்சும்மா. ஆபரேஷன் தாங்குற ஒடம்பு இல்ல. வீட்டுல வச்சுப் பாக்குறதுன்னாலும் பாக்கலாம்.” கொஞ்சம் நிறுத்தினார். “ஏதாவது கேக்கணுமா?”

நான் அக்காவைப் பார்த்தேன். வியாபாரியிடம் கேட்டவர். பயிற்சியாளரிடம் கேட்டவர். அவர் வாய் திறந்தது. உதடு அசைந்தது. பிறகு தலையை ஆட்டினார்.

“ஒண்ணுமில்ல டாக்டர்.”

டாக்டரம்மா திரும்பி நடந்தார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, டாக்டரம்மா பின்னால் ஓடினேன். மாடிப்படிப் பக்கம் போய்ப் பிடித்தேன்.

“டாக்டர், ஒரு நிமிசம். எத்தன நாளு இருப்பாக?”

“உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ரெண்டு வாரம் போகலாம். போகாமயும் இருக்கலாம்.”

“அவுகளுக்கு வலிக்குமா?”

அவர் முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். அதற்குப் பதில் சொல்ல முகம் வேண்டும் என்று நினைத்திருப்பார்போல.

“வலி இருக்கத்தாம்மா செய்யும். ஊசியும் மாத்திரையும் எழுதித் தர்றேன். கொறையும். முழுசா நிக்காது.”

திரும்பி வந்தேன். அக்கா இரும்பு நாற்காலியில், மடக்க முடியாத காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். என்ன கேட்டாய் என்று கேட்கவில்லை. என்ன சொன்னார்கள் என்றும் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்க்கா” என்றேன்.

“ம்.”

வீட்டில் அப்பா ஒன்பது நாள் இருந்தார். வாசல் பக்கத்துக் கட்டிலில் போட்டிருந்தோம். நான் தினமும் பண்ணையைக் காலையில் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு வந்துவிடுவேன். ஊர் நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போவார். அக்கா கட்டிலை விட்டு நகரவில்லை. தண்ணீர் தொட்டு உதட்டை நனைத்தார், நகம் வெட்டினார், பின்னால் சாய்ந்தே பழகிய அந்தக் கழுத்துக்கு எப்படித் தலையணை வைப்பது என்று தெரியாமல் நாள் முழுக்க மாற்றி மாற்றி வைத்தார். அப்பா ஒரு தடவைகூட முனகவில்லை. அக்காவும், “வலிக்குதாப்பா?” என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான் பார்த்தேன், ஊசி போட நேரம் நெருங்கும்போது அப்பாவுடைய கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடிக்கும். விரல் முட்டி வெளுக்கும். அக்கா அந்த நேரம் மட்டும் எதையாவது எடுக்க உள்ளே போவார்.

பத்தாம் நாள் முற்பகலில் அப்பா போய்விட்டார். கோயில் கல்லறையில் அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். ஒரு வாரம் இருந்து வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு அக்கா வடக்கே திரும்பினார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் நாற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அக்கா போன் செய்தார். வழக்கமாகக் கேட்பதையெல்லாம் கேட்டார். பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், வீட்டுக் கூரை ஒழுகுகிறதா. பிறகு கொஞ்சம் நிறுத்தினார்.

“அன்னைக்கு அந்த டாக்டரம்மா பின்னாடி ஓடுனயே.”

“ஆமாக்கா.”

“என்ன கேட்ட?”

குழாயைத் தரையில் போட்டேன்.

“அப்பாவுக்கு வலிக்குமான்னு கேட்டேன்.”



“என்ன சொன்னாக?”

“வலிக்காதுன்னு சொன்னாகக்கா. மருந்து குடுத்தா ஒண்ணுமே தெரியாதுன்னாக.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

“அவுக கட்டிலப் பிடிச்சுக்கிட்டே இருந்தாகளே புள்ள. நான் பாத்தேன்.”

“தூக்கத்துல பிடிக்கிறதுக்கா அது. மருந்துல அப்படித்தான் இருக்கும்னு அவுகளே சொன்னாக.”

அவர் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. அதை வெளியே விட வெகு நேரம் எடுத்துக்கொண்டார்.

“சரி” என்றார். பிறகு, “அங்கன மழை உண்டா?” என்றார்.

“நேத்துச் சாயங்காலம் நல்லாப் பேஞ்சுச்சுக்கா” என்றேன். அது உண்மை.